காளானுக்கு நர்சரி போட்டவர்

நாகலிங்கம் அத்தான் காளானை நர்சரிப் பையில் வளர்க்கப் பார்த்த கதை எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் எல்லோருக்கும் தெரியும். கலவானை டவுன் கடைகளில்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைப் பிழையாகச் சொல்கிறார்கள். குடித்துவிட்டுச் செய்தார் என்கிறார்கள். அத்தான் குடிப்பதில்லை. யாரிடமோ கைக்கூலி வாங்கிக்கொண்டு செய்தார் என்கிறார்கள். அவருக்குக் கைக்கூலி கொடுக்கும் அளவுக்கு அவரை யாரும் பெரிய ஆளாக நினைத்ததில்லை. தெளிந்த தலையோடு, குளித்து, விபூதி பூசி, நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார். எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர் என் அக்கா சின்னம்மாவின் புருஷன். எங்கள் றப்பர் தோட்டத்து நாற்று மேடைக்குக் கங்காணி. எங்கள் காம்பராவுக்கும் அவர்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரைவரை போகாத சுவர். அவர் பேசுவது முழுவதும் எனக்குக் கேட்கும். கேட்க வேண்டாம் என்று திரும்பிப் படுத்தாலும் கேட்கும்.

அவர் பிறந்தது காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் இதே லயத்தில். முதலில் பால் வெட்டினார். மரத்தை ஆழமாகக் காயப்படுத்துகிறார் என்று அங்கிருந்து எடுத்துக் களை வெட்டப் போட்டார்கள். களையோடு சேர்த்துப் பிள்ளைக் கன்றையும் வெட்டினார் என்று நாற்று மேடைக்கு அனுப்பினார்கள். பையில் மண் நிரப்புகிற வேலையில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அங்கேதான் அவருக்கு ஒட்டுக் கட்ட வந்தது. நல்ல இனத்து மரத்தின் மொட்டைத் தோலோடு சீவி எடுத்து, சாதாரணக் கன்றின் தோலுக்குள் செருகிக் கட்டுகிற வேலை. அவர் கட்டினால் பிடிக்கும். அந்த ஒரு வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதை இல்லை என்று சொன்னால் எனக்குப் பாவம்.

ஒருமுறை றப்பர் ஆராய்ச்சிப் பக்கமிருந்து வந்த பெரிய அதிகாரி அவர் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்து, "ஒயாகே அத ரத்தரன்" என்று சொல்லிவிட்டார். உன் கை தங்கம் என்று அர்த்தம். சொன்னவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நாங்கள்.

அதற்குப் பிறகு அத்தானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லாமல் போனது. யாருடைய மாடு கன்று போடத் திணறினாலும் வந்து நிற்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வருவார். கரண்டு போனால் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சிங்களத்தில் பேச நேர்ந்தால் முதலில் "மம தன்னவா" என்பார், எனக்குத் தெரியும் என்று. எதிரில் நிற்பவர் இன்னும் கேள்வியே கேட்டிருக்க மாட்டார்.

"ஒங்க மாமாவுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான், அது என்னான்னு அவருக்கே தெரியாது" என்பாள் அக்கா, மருமகன் மதுசனிடம். மதுசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போய்விடுவான்.

மதுசன் அத்தானின் ஒரே மகள் ஷாமிளாவின் புருஷன். அவர்கள் இருவரும் கைப்பிள்ளையோடு லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தார்கள். அந்தக் காம்பராவுக்குப் பின்னால் மேடு. போன மழைக்கு முந்திய மழையில் மேட்டு மண் வழிந்து வந்து பின்சுவரில் சாய்ந்துகொண்டது. சுவர் விழவில்லை, வயிறு தள்ளிய மாதிரி உள்ளே புடைத்துக்கொண்டு நின்றது. மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் வந்து, சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு, இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே இருக்கலாம் என்று சொல்லவில்லை. ஷாமிளா தொட்டிலைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டினாள். அந்தக் காம்பராவில் எவ்வளவு தள்ளிவிட முடியும்?

பிறகு வீட்டுத் திட்டம் வந்தது. ஆற்றோரக் காட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் இருந்த சமதரையை அளந்து, கட்டை அடித்து, ஆளுக்கொரு துண்டு என்று காட்டினார்கள். ஷாமிளாவின் கட்டை ஹொர என்கிற உயர்ந்த காட்டு மரம் ஒன்றுக்கு அருகில் இருந்தது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், கட்டைகளுக்கு நடுவில் நின்று, குசினி எந்தப் பக்கம் என்று எனக்குக் காட்டினாள். அதிகம் பேசாத பெண். அன்று நிறையப் பேசினாள்.

அந்த மாதமே பல்கலைக்கழகத்து ஆட்கள் காட்டுத் துண்டுக்கு வந்தார்கள். ஹொர மரங்களின் வேரடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு காளான் முளைக்கும். நாங்கள் பார்த்திருக்கிறோம், கசக்கும் என்று யாரும் பறிப்பதில்லை. அதைப் பார்த்து அவர்கள் தரையில் படுத்துப் படம் எடுத்தார்கள், ஒன்றிரண்டைப் பறித்துப் போத்தலில் போட்டுக்கொண்டார்கள். அவர்களின் தலைவர் இக்ராம் சேர் மாவனல்லைப் பக்கத்து ஆள். எங்களோடு தமிழில் பேசினார், இருக்கு என்பதை ஈக்கி என்கிற அவர்கள் ஊர்த் தமிழில். அந்தக் காளான் இந்த நாட்டில் வேறு எங்கேயும் இதுவரை அகப்படவில்லை என்றார். அழிந்துபோகக்கூடிய உயிர்களுக்கு ஆபத்து வகை பிரித்திருக்கிறார்களாம். அதில் மேல் படியில், அழிவின் விளிம்பில் நிற்கிறவற்றோடு இதையும் வைத்துவிட்டார்களாம். அதனால் காட்டுத் துண்டையும் அதன் ஓரத்தையும் தொடக் கூடாது. வீட்டுக் கட்டைகள் நின்றது அந்த ஓரத்தில்.

இதற்காகப் பிள்ளை மடுவத்தில் கூட்டம் வைத்தார்கள். பகலில் பிள்ளைகளைத் தூங்கப்போடும் இடம் அது. தொட்டில்களை மேலே தூக்கிக் கட்டிவிட்டு நாற்காலி போட்டார்கள். அன்று பேசியவர்களைப் பார்த்திருக்க வேண்டும். தோட்டத்தை நடத்துகிற தொரை எழுந்து, காடு நம்முடைய தாய், அதைக் காப்பது நம் கடமை என்றார். போன வருடம் அதே காட்டிலிருந்து அடிமரம் ஏற்றிய லொறி தொரையின் பங்களா வழியாகத்தான் போனது. தாயை அப்போது துண்டு துண்டாக ஏற்றினார்கள். பிரதேச சபை மெம்பர் எழுந்து, என் மக்களுக்கு வீடா காளானா என்று கத்தினார். கத்தி முடித்ததும் இக்ராம் சேரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

இக்ராம் சேர் மட்டும்தான் எங்களைப் பார்த்துப் பேசினார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கமும் ஹொர மரம் ஈக்கி. மழ புடிச்ச ஒடனே எல்லாரும் சேந்து தேடுவோம். அங்கயும் தானா மொளச்சி நிண்டா இது ஒரு எடத்துச் சாமான் இல்ல, ரெண்டு எடத்துச் சாமான். அப்ப ஆபத்துப் படி ஒண்டு எறங்கும். எறங்கினா வீட்டுக் காணிய இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி அளந்து குடுக்கச் சொல்லி நானே பேசுறன்."

அத்தான் எழுந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

"அப்ப சேர், இது பல எடத்துல இருந்துட்டா வீடு கட்டலாம். அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான். ஆனா ஐயா, அது —"

"மம தன்னவா" என்றார் அத்தான். தமிழ் பேசுகிற மனிதரிடம். சொல்லிவிட்டு நடந்து வெளியே போய்விட்டார்.

"இருங்க, அவரு இன்னும் பேசுறாரு" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னாள். அவர் திரும்பவில்லை. இந்தக் காளான் ஹொர மர வேரோடு ஒட்டி, வேருக்குத் தீனி கொடுத்து, வேரிடம் தீனி வாங்கி வாழ்வது, அதைப் பிரித்தால் இரண்டுக்கும் நல்லதில்லை என்று இக்ராம் சேர் சொன்னது, அத்தான் வாசலைத் தாண்டிய பிறகு.

அவர் மனதில் ஓடியதை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அன்று மாலையே கேட்டேன்.

"புது இன றப்பரு முதல்ல எப்பிடி வந்துச்சு? கை நெறய ஒட்டுக் குச்சிதானே குடுத்து விட்டாங்க. இன்னைக்கி மலை பூரா நிக்கிது. யாரு பெருக்குனது?"

"யாரு?" என்றாள் அக்கா.

"இந்தக் கைதான்."

"கையக் கழுவிட்டு வந்து சோத்தத் திண்ணுங்க."

ஒரு றப்பர்த் தோட்டத்துக் கங்காணியைத் தவிர வேறு எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. நாற்று மேடையில் அரியது என்று ஒன்று கிடையாது. இல்லாததைப் பையில் போட்டுப் பெருக்கலாம். பெருக்கியதைக் கொண்டுபோய் எங்கே வேண்டுமானாலும் நடலாம். அவருடைய ஆயுள் முழுக்க அது அப்படித்தான் நடந்திருக்கிறது.

கலவானையில் கபூர் நானாவின் கடைக்குப் பை வாங்கப் போனபோது நானும் போயிருந்தேன். அக்காவுக்கு மருந்து எடுக்க வேண்டியிருந்தது.

"என்ன கங்காணி, தோட்டத்துல பை குடுக்கல்லயா? சொந்தமா றப்பர் போடப் போறீங்களா?" என்றார் நானா.

"றப்பரு இல்ல. காளான்."

கபூர் நானா பையை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மருந்துப் போத்தலைப் பார்த்தேன்.

"காளானுக்கு வைக்கோல்தானே கங்காணி வைக்கிற?"

"அது சாப்புடுற காளானுக்கு நானா. இது கெவர்மென்டு காளான்."

"அப்ப பெரிய பையா எடுங்க. கெவர்மென்டு சாமான் மெதுவாத்தான் வளரும்" என்றார் நானா. அத்தான் அதை உண்மையான யோசனை என்று எடுத்துக்கொண்டு பெரிய பையே வாங்கினார்.

அடுத்த நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்னால், மண்வெட்டியோடு காட்டுத் துண்டுக்குப் போனார். றப்பர் நாற்றைத் தூருடன் எடுக்கிற மாதிரி ஒவ்வொரு காளானையும் சுற்றி ஆழமாக வெட்டி, மண்கட்டி உடையாமல் தூக்கினார். வேர் குறுக்கே வந்தால் வேரையும் வெட்டினார். ஒன்றுகூட விடவில்லை. விட்டால் யாராவது மிதித்துவிடுவார்களாம். நாற்று மேடையில் தென்னோலைப் பந்தல் போட்டு, பைகளை நூல் பிடித்த மாதிரி வரிசையாக அடுக்கினார். சாணி கரைத்து ஊற்றினார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அவர் வேலை எப்போதும் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும்.

ஷாமிளா வந்து பார்த்துவிட்டுப் பந்தலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அப்பா, இதத் தொட வேணாம்னு தானே சொன்னாங்க?"

"தொடாம எப்பிடிப் பெருக்குறது? ஒனக்கு வீடு வேணுமா வேணாமா?"

"வேணும்ப்பா. அதுக்குத்தான் சொல்றேன். திருப்பிக் கொண்டுபோய் வச்சிருங்க."

"நர்சரிக்குள்ள வந்து எனக்கே சொல்லிக் குடுக்குறியா? போ புள்ள, புள்ள அழுவுது பாரு."

பிள்ளை அழவில்லை. அவள் போய்விட்டாள்.

காளான்கள் தலை சாய்ந்தன. "கன்னு மாத்தி வச்சா மொதல்ல வாடத்தான் செய்யும்" என்றார். கறுத்துக் கரைந்து நீராக வழிந்து நாறின. "பழசு அழுகுனாத்தான் புதுசு அடியிலேர்ந்து வரும்" என்றார். லயத்துப் பெண்கள் பந்தலைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "காளானுக்குக் கருமாதி எப்பங்க கங்காணி?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், விவரம் தெரியாதவர்களை மன்னித்துவிட்ட மாதிரி.

பிறகு மழை தூறியது. ஒரு காலையில் பைகள் எல்லாவற்றிலும் காளான். சின்னச் சின்னதாக, வெள்ளை வெளேரென்று, குடை பிடித்துக்கொண்டு.

அன்று அவரைப் பார்த்திருக்க வேண்டும். லயத்துக்கு லயம் போய்க் கூப்பிட்டார். மெம்பருக்குப் போன் பண்ணினார். மதுசனின் போனில் படம் எடுத்து இக்ராம் சேருக்கு அனுப்பச் சொன்னார். மதுசன் படத்தை மங்கலாக எடுத்து அனுப்பினான். வெள்ளை தெரிந்தால் மாமாவின் மானம் போகும் என்று வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தான் என்று நினைக்கிறேன்.

"அது கத்தரிப்பூ நெறத்துலல்ல இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"நெழல்ல இருந்து நர்சரிக்கு வந்தா நெறம் மாறும். ஒனக்கென்னா தெரியும்?"

"எனக்கு மாட்டுச் சாணி தெரியும்" என்றாள் அக்கா.

இக்ராம் சேர் மறுநாளே வந்தார். மங்கலான படத்தை நம்பி அவ்வளவு தூரம் வந்த படித்த மனிதரை என்ன சொல்வது? ஆசை யாருடைய கண்ணையும் மறைக்கும் போலிருக்கிறது. அத்தான் சலவை செய்த சட்டையில் பந்தல் வாசலில் நின்று, கோயில் திருவிழாவுக்கு வரவேற்கிற மாதிரி அவரை வரவேற்றார். தொரைகூட வந்திருந்தார். இக்ராம் சேர் குனிந்தார். ஒரு காளானைக் கிள்ளி முகர்ந்தார்.

"இது சாணிக் காளான்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். இக்ராம் சேர் சிரிக்கவில்லை.

"இந்த மண்ண எங்க எடுத்தீங்க?"

அத்தான் காட்டுத் துண்டின் பக்கம் கையைக் காட்டினார். இக்ராம் சேர் நடந்த வேகத்துக்கு நாங்கள் யாரும் ஈடுகொடுக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஹொர மரத்தடியில் குழிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, வெட்டுப்பட்ட வேர் நுனியைக் கையில் பிடித்திருந்தார்.

அக்காவுக்குத் தன் புருஷனை ஏசத் தெரியும். வேறொருவர் முன்னால் விட்டுக்கொடுக்கத் தெரியாது. "நீங்களும் பறிச்சிப் போத்தல்ல போட்டுக்கிட்டுத்தானே போனீங்க சேர்?" என்றாள்.

"நான் பறிச்சது காய் ஆஞ்ச மாதிரி, அம்மா. மரம் மண்ணுக்குள்ள நூல் நூலா ஈந்தது. ஐயா மரத்தயே தோண்டிட்டாரு."

அத்தான் வாயைத் திறந்தார். "மம..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மழை பிடித்ததும், சொன்னபடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தேடினார்கள். தோட்டத்திலிருந்தும் ஆள் போனது, நானும் போனேன். அட்டை கடிக்கக் கடிக்கச் சருகைப் புரட்டினோம். ஷாமிளாதான் கண்டாள். ஒரு பெரிய ஹொர மரத்தின் வேர் மடிப்புக்குள், கத்தரிப்பூ நிறத்தில், கொத்தாக. அவள் கத்திக் கூப்பிடவில்லை. தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் வரும்வரை இருந்தாள். இக்ராம் சேர் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப ரெண்டு எடம் ஆச்சுல்ல சேர்?" என்றாள் ஷாமிளா. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. ஐயா தோண்டின எடத்துல இந்த மழைக்கு ஒண்டும் மொளைக்கல்ல, அங்க அது அழிஞ்சி போயிட்டு. இப்பவும் ஒரே எடம்தான்."

ஆபத்துப் படி இறங்கவில்லை. காளான் அழிவின் விளிம்பிலேயே நின்றது. முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெளியே தள்ளி நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். தோண்டிய இடம் தானாகத் தேறுகிறதா என்று பார்ப்பதற்காக எங்கள் பக்கத்தைக் கம்பி அடித்து மூடினார்கள். கம்பிக்குள்ளே வீட்டுக் கட்டைகளும் அகப்பட்டன. கம்பி அடிக்க ஆள் கொடுத்தது தொரை. கூடவே, தோட்டத்து மக்களுக்கு இயற்கையின் அருமை தெரியவில்லை என்று பத்திரிகைக்குச் சொன்னார். மெம்பர் எங்கள் போனை எடுப்பதை விட்டுவிட்டார். வேறு காணி பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஷாமிளா தகப்பனோடு பேசவில்லை. அவர் வாசலில் நின்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போனால் அந்தச் சுவர்தான். மேட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் இப்போது சிவப்புக் கோட்டுக்கு மேலேயே ஊறத் தொடங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எழுந்து, தன் காம்பராவில் இருந்த சட்டி பானைகளைத் தூக்கி வெளியே வைத்தாள். பிறகு சாமிப் படங்கள். பிறகு அத்தானின் வெள்ளைச் சட்டைகள்.

"என்னா பண்ணுற?" என்றார் அவர்.

"புள்ளைங்க இங்க வரட்டும். நம்ம அங்க போறோம்."

"அந்தச் சுவரு —"

"ஆமா. அந்தச் சுவருதான்."

அவர் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை மதுசன் பிடித்தான். லயத்து வாசலில் கட்டிலோடு போகும்போது எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "சின்னஞ்சிறுசுங்க நல்ல காம்பராவுல இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்" என்றார். அதையும் விடவில்லை அந்த மனிதர். அக்கா பின்னால் பானையோடு வந்துகொண்டிருந்தாள்.

"இவருதான் சொன்னாரு" என்றாள். "எனக்குக் காது கேக்கல, அதான் நானே எந்திரிச்சு எல்லாத்தையும் எடுத்து வச்சேன்."

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்பது பிள்ளையின் சத்தம். அத்தானின் சத்தம் லயத்தின் கடைசிக்குப் போய்விட்டது. சுவருக்கு றப்பர்க் கட்டைகளால் முட்டுக் கொடுத்திருக்கிறார். வருகிற போகிறவர்களைக் கூப்பிட்டு, இந்த முட்டு நூறு வருஷம் தாங்கும் என்று காட்டுகிறார். அக்கா அடுப்பை வாசல் பக்கமாக நகர்த்திவிட்டாள். தன் பாயையும் வாசலோரம் போட்டுக்கொண்டாள். அவர் மட்டும் முட்டுக் கட்டைகளுக்கு அடியில், சுவரோரமாகப் படுக்கிறார்.

"நீயாச்சும் சொல்லக் கூடாதாக்கா? வாசப் பக்கம் வந்து படுக்கட்டும்" என்றேன் ஒருநாள். நான் வாய் திறந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்; அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொன்னேன். சுவரப் பத்தி அவருக்குத் தெரியுமாம்" என்றாள்.